முதல் அறுபது அடி

1959-ல் டெட்ராய்ட்டில் நடந்த தேசிய டிராக் பந்தயத்துக்கு ஒரு வினோதமான பிளைமவுத் கார் வந்தது. பத்து வருடப் பழைய கூப் அது. மற்ற பந்தயக் கார்கள் தரையோடு படிந்து நின்றன. இது மட்டும் சக்கரங்களுக்கு மேல் உயரத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதைக் கட்டியவர்கள் கிரைஸ்லர் கம்பெனியின் இளம் இன்ஜினீயர்கள். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் 'ராம்சார்ஜர்ஸ்' என்ற பெயரில் கூடிப் பந்தயக் கார் செய்தார்கள். காருக்கு வைத்த பெயர் 'ஹை அண்ட் மைட்டி'.

கார் உயரமாக இருந்தால் வளைவில் கவிழும் என்பது ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். டிராக் பந்தயத்தில் வளைவே கிடையாது. நேர்க்கோட்டில் 402 மீட்டர், அதாவது கால் மைல், அவ்வளவுதான். கார் முன்னால் பாயும்போது அதன் எடையில் ஒரு பங்கு முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்குப் போகிறது. புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாகப் போகும். இன்ஜின் சுழற்றுவது பின்சக்கரங்களைத்தான் என்பதால் அந்த எடை அங்கே வேண்டும். இதற்காகத்தான் அந்த இன்ஜினீயர்கள் காரை உயர்த்தினார்கள். 1965-ல் கிரைஸ்லர் இன்னும் ஒரு படி மேலே போனது. சில டாட்ஜ், பிளைமவுத் கார்களில் பின் ஆக்சிலை 15 அங்குலமும் முன் ஆக்சிலை 10 அங்குலமும் முன்னுக்குத் தள்ளிப் பொருத்தியது. பார்க்க வேடிக்கையாக இருந்த அந்தக் கார்களிலிருந்துதான் 'ஃபன்னி கார்' என்ற பெயரே பிறந்தது.

இத்தனை கோணல் வேலைகளும் இன்ஜினின் பலத்தை ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டவில்லை. கிளம்பும் கணத்தில் டயர் வழுக்காமல் தரையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டவை அவை. அறுபது வருடங்களுக்குப் பிறகும், நம்பர் பிளேட் உள்ள சாதாரணக் காரை வார இறுதியில் டிராக் தளத்துக்குக் கொண்டுவரும் அமெரிக்க இளைஞர் முட்டி மோதுவது இதே இடத்தில்தான். இன்ஜினுக்கு டர்போ போட்டுவிடுகிறார். பச்சை விளக்கு விழுகிறது. புகை எழும்புகிறது. கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சீட்டு சொல்லும் உண்மை

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஓட்டுநர் கையில் ஒரு சிறு சீட்டு கொடுக்கிறார்கள். அதில் 60 அடி, 330 அடி, எட்டில் ஒரு மைல், ஆயிரம் அடி, கால் மைல் என ஒவ்வொரு புள்ளியையும் எத்தனை விநாடியில் கடந்தார் என்று அச்சாகியிருக்கும். புதிதாக வருகிறவர்களின் கண் கடைசி வரிக்குப் போகும். பழகியவர்கள் முதலில் பார்ப்பது 60 அடி வரியைத்தான்.

60 அடி என்பது 18 மீட்டர் சொச்சம். அந்தத் தூரத்தில் பத்தில் ஒரு விநாடியை மிச்சம் பிடித்தால், கால் மைல் முடிவில் அது ஒன்றரை முதல் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்பது பந்தயக்காரர்கள் அனுபவத்தில் வைத்திருக்கும் கணக்கு. முதலில் பெற்ற வேகம் கடைசிவரை கூடவே வருவதுதான் காரணம். அதே மிச்சத்தை இன்ஜினில் தேடினால் பல மடங்கு செலவாகும்.

சாதாரண ரோட்டு டயரில் நன்றாகக் கிளம்பும் கார் 60 அடியை 2.1 விநாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கார் ஏறக்குறைய ஓரடி உருண்டுவிடும். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.65 பங்கு முடுக்கத்தோடு கார் பாய்கிறது. 1.6 விநாடிக்குக் கொண்டுவர வேண்டுமானால் 1.1 பங்குக்கு மேல் பாய வேண்டும். அரை விநாடி வித்தியாசம்தான். ஆனால் டயரிடம் நாம் கேட்பது முக்கால் மடங்கு கூடிவிடுகிறது.

பலம் ஏற்கெனவே அதிகம்

ஒரு உண்மையான காரை எடுத்துக்கொள்வோம். 1987-ம் வருட ஃபோர்டு மஸ்டாங், ஐந்து லிட்டர் வி-8. 'ஃபாக்ஸ் பாடி' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த வகைதான் அமெரிக்காவில் பல்லாயிரம் பேருக்கு முதல் டிராக் கார். 225 குதிரைத்திறன், 407 நியூட்டன் மீட்டர் டார்க். இன்றைய கணக்கில் அடக்கமான இன்ஜின்தான்.

இதன் ஃபர்ஸ்ட் கியர் விகிதம் 3.35. பின் ஆக்சிலில் பெரும்பாலோர் மாற்றிப் போடும் பல்சக்கர விகிதம் 3.73. இரண்டும் சேர்ந்து இன்ஜினின் முறுக்கு விசையைப் பன்னிரண்டரை மடங்காக்குகின்றன. வழியில் உராய்வில் போகும் இழப்பைக் கழித்த பிறகும், டயர் தரையைத் தள்ள வேண்டிய விசை 1,300 கிலோ எடைக்குச் சமம். ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை 1,500 கிலோ. நிற்கும்போது பின்சக்கரங்கள் மேல் இருப்பது 640 கிலோ. நல்ல ரோட்டு டயர் தன் மேல் இருக்கும் எடைக்குச் சமமான விசையைத் தாங்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், பாயும்போது பின்னுக்கு வரும் 160 கிலோவையும் கூட்டினால் கிடைப்பது 800 கிலோ. கேட்பது 1,300, தாங்குவது 800. கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினே டயரை வழுக்க வைக்கப் போதும்.

ஆகவே இந்தக் காருக்கு முதலில் பலம் கூட்டுவது காசைப் புகையாக்குவதுதான். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஏனென்றால் பலரும் தலைகீழாகத்தான் செலவு செய்கிறார்கள்.

இதே கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதே காரில், நன்றாகத் தயாரித்த தளத்தில், எடையைப் போல 1.7 மடங்கு தாங்கும் டிராக் ரேடியல் டயரைப் போட்டால் என்ன ஆகும்? பிடிப்பு கூடினால் பாய்ச்சல் கூடும். பாய்ச்சல் கூடினால் பின்னுக்கு வரும் எடை கூடும். அந்த எடை பிடிப்பை மறுபடி கூட்டும். 160 கிலோவாக இருந்த எடை மாற்றம் வெகுவாகக் கூடிவிடும். வழுக்கல் நடக்கும்போது இதே சங்கிலி எதிர்த்திசையில் ஓடி எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறது.

டயரைப் புரிந்துகொள்ளுதல்

பள்ளியில் படித்த உராய்வு விதி, தொடும் பரப்பளவு முக்கியமில்லை என்கிறது. ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. சூடான மென் ரப்பர் தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் புகுந்து பிடிக்கிறது, கூடவே ஒட்டவும் செய்கிறது. ஒரே இடத்தில் அழுத்தம் அதிகமானால் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு குறைகிறது. அதனால்தான் அகலமான டயர், குறைந்த காற்று.

ரோட்டில் 32 பவுண்டு காற்று வைக்கும் இடத்தில், டிராக் ரேடியலுக்கு 18, 20 பவுண்டில் தொடங்குகிறார்கள். கோடுகளே இல்லாத ஸ்லிக் டயருக்கு 12, 14 பவுண்டுகூடப் போதும். சாதாரண ரோட்டு டயருக்கு இது பொருந்தாது. 22 பவுண்டுக்குக் கீழே இறக்கினால் அதன் நடுப்பகுதி தரையிலிருந்து விலகி, பிடிப்பு கூடுவதற்குப் பதில் குறையும்.

டயரின் பக்கச்சுவர்தான் காரின் முதல் ஸ்பிரிங். கிளம்பும்போது ஸ்லிக்கின் பக்கச்சுவர் மடிப்பு மடிப்பாகச் சுருங்குவதைப் படங்களில் பார்க்கலாம். ரிம் திரும்பத் தொடங்கிவிட்டது, தரையைத் தொடும் ரப்பர் இன்னும் அசையவில்லை. அந்த நொடித்துளியில் இன்ஜினின் அடி மெத்தென்று இறங்குகிறது. 17 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 15 அங்குல ரிம்மும் உயரமான பக்கச்சுவரும் உள்ள டயரை மாட்டுவது இதற்காகத்தான். தெருவில் பார்வையாக இருக்காது. தளத்தில் அதற்கு ஈடு கிடையாது.

ஸ்லிக்குக்கும் டிராக் ரேடியலுக்கும் குணம் வேறு. ஸ்லிக் கொஞ்சம் வழுக்கினாலும் மீண்டும் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் காரில் வரும் திடீர் அடியையும் பொறுத்துக்கொள்ளும். ரேடியல் அப்படியில்லை. அது பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், ஒருமுறை விட்டுவிட்டால் அந்த ஓட்டம் போனது போனதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே நல்லது. ஆனால் ரேடியல் ரோட்டில் ஓட்ட அனுமதி பெற்றது, வேகத்தில் தள்ளாடாது. வீட்டிலிருந்து ஓட்டி வந்து பந்தயம் முடித்து ஓட்டிப் போகிறவருக்கு அதுதான் சரி. மழையில் மட்டும் அதை நம்பவே கூடாது. கோடுகள் மிகக் குறைவு, தண்ணீர் வெளியேற வழி இருக்காது.

கிளம்புவதற்கு முன் டயரைச் சுழற்றிச் சூடாக்கும் பர்ன்அவுட், வேடிக்கை பார்ப்பவர்களுக்காகச் செய்வதென்று பலர் நினைக்கிறார்கள். மேல்தோலைச் சுத்தம் செய்து, ரப்பரைப் பிசுபிசுப்பாக்குவதே அதன் வேலை. முன் பிரேக்கை மட்டும் பூட்டிப் பிடிக்கும் 'லைன் லாக்' இருந்தால் கார் நகராமல் பின்சக்கரம் மட்டும் சுழலும். ஸ்லிக்குக்கு நல்ல சூடு வேண்டும், ரேடியலுக்கு அளவோடு. ரோட்டு டயருக்கு ஒரு சிறு சுழற்றல் போதும். அதிகம் சூடேறினால் அது வழவழத்துவிடும். ரோட்டு டயரோடு வருகிறவர்கள், பர்ன்அவுட்டுக்காகத் தளத்தில் தேங்கவைத்திருக்கும் தண்ணீருக்குள் போகவே கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். கோடுகளுக்குள் புகுந்த தண்ணீர் ஸ்டார்ட்டிங் லைன் வரை வந்து சொட்டும். தன் ஓட்டம் கெடுவதோடு, அடுத்து வருகிறவரின் தரையும் ஈரமாகும்.

பின்பக்கம் அமுங்கினால் நல்லதா?

பின்பக்கம் நன்றாக அமுங்கி, மூக்கு தூக்கிக் கிளம்பும் காரைப் பார்த்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அமுங்கினால் எடை வருகிறது என்ற நம்பிக்கை மெக்கானிக்குகளிடமும் உண்டு. இது பாதி உண்மை. பின்னுக்கு மாறும் மொத்த எடையைத் தீர்மானிப்பவை நான்கே: காரின் எடை, அது பாயும் முடுக்கம், புவியீர்ப்பு மையத்தின் உயரம், முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

சஸ்பென்ஷன் தீர்மானிப்பது, அந்த எடை டயர் மேல் எவ்வளவு சீக்கிரம் வந்து இறங்குகிறது என்பதை. டயர் வழுக்குவதா பிடிப்பதா என்று முடிவாகும் நேரமோ மிகமிகச் சிறியது. ஸ்பிரிங் மெதுவாக அமுங்கிக்கொண்டிருக்கும்போதே டயர் விட்டுவிட்டால், பிறகு வரும் எடையால் பயனில்லை.

மஸ்டாங்கின் பின் ஆக்சிலை நான்கு கைகள் பிடித்திருக்கின்றன. கீழே இரண்டு, மேலே இரண்டு. பக்கவாட்டில் நின்று பார்த்தால், மேல் கையையும் கீழ் கையையும் முன்னோக்கி நீட்டினால் இரு கோடுகளும் ஓரிடத்தில் சந்திக்கும். சக்கரம் காரைத் தள்ளும் விசை அந்தப் புள்ளியில் வேலை செய்வதாகக் கொள்ளலாம். புள்ளி தாழ்வாக இருந்தால் பின்பக்கம் அமுங்கும், அடி மெதுவாக வரும். உயர்ந்து, பின்னால் நெருங்கி இருந்தால், விசை காரின் உடலை மேலே தூக்கும். உடல் மேலே போக வேண்டுமானால் ஆக்சில் கீழே அழுத்தப்பட்டே ஆக வேண்டும். டயர் தரையில் அறையப்படுகிறது. கீழ் கையின் பின்முனையைச் சில அங்குலம் இறக்கிப் பொருத்தும் சிறு பிராக்கெட்டுகள் இந்த மாற்றத்தைத்தான் செய்கின்றன. பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் சாமான் இந்தக் காருக்கு வேறு அதிகம் இல்லை என்பது என் கருத்து.

இதிலும் அளவு மீறக் கூடாது. அடி அதிகமானால் டயர் பந்துபோல எகிறி, ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் போனதும் விட்டுவிடும். அப்போது பின் ஷாக் அப்சார்பர் நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நண்பர் பக்கவாட்டில் நின்று, பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் போனில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தால் போதும். இடைவெளி பிரிகிறதா, மூடுகிறதா, பிரிந்து உடனே மூடுகிறதா என்பதில் பாதிப் பதில் இருக்கிறது.

பழைய ரப்பர் புஷ்கள் நைந்திருந்தால் ஆக்சில் முன்னும் பின்னும் உதறிச் சக்கரம் தடதடவென்று துள்ளும். இந்தத் துள்ளலை அடக்க ஃபோர்டே படுக்கை வாட்டில் இரண்டு கூடுதல் ஷாக் அப்சார்பர்களைப் போட்டது. கைகளை மாற்றும்போது புஷ்களையும் மாற்றிவிட வேண்டும். லீஃப் ஸ்பிரிங் உள்ள கார்களில் பிரச்சினை வேறு வடிவில் வரும். முறுக்கில் பட்டை 'எஸ்' எழுத்துப்போல வளையும். அதைத் தடுக்கத்தான் டிராக்‌ஷன் பார்கள்.

வலது பின்சக்கரம் மட்டும் வழுக்குவதற்கும் காரணம் உண்டு. நீளவாக்கில் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்சிலையும் தன்னோடு திருப்பப் பார்க்கிறது. இடது சக்கரம் அழுந்துகிறது, வலது சக்கரம் லேசாகிறது. வலது ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்துச் சில பவுண்டு காற்று அடிப்பது எளிய மருந்து. பின்பக்கம் கனமான ஆன்ட்டி ரோல் பார் போட்டு, உடலின் எதிர்முறுக்கை அதே ஆக்சிலுக்குத் திருப்பி அனுப்புவது முழுமையான மருந்து. டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

முன்பக்கம் எளிது. மூக்கு சட்டென்று எழ வேண்டும், எழுந்தது மெதுவாக இறங்க வேண்டும். பேட்டரியை டிக்கிக்கு, அதுவும் வலப்பக்கம் மாற்றுவது இலவசமாகக் கிடைக்கும் எடை. மாற்றினால், வெளியிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் கட்டாயம். முன் ஆன்ட்டி ரோல் பாரைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. தளத்துக்கு நல்லதுதான். ஆனால் திங்கட்கிழமை அதே காரில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர் அதைச் செய்யக் கூடாது.

அடியை மெதுவாக்குதல்

டயரும் சஸ்பென்ஷனும் தாங்கும் அளவு கூடியது. இனி அனுப்பும் அளவை அடக்கலாம். கிளட்சைப் படாரென்று விட்டால் இன்ஜினின் முறுக்கோடு, சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலின் சக்தியும் சேர்ந்து வந்து விழும். கொஞ்சம் ஸ்லிப் ஆகிப் பிடிக்கும் கிளட்ச், அந்த அடியை நீட்டிப் பரப்புகிறது. ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் இதே வேலையைச் செய்கிறது. புறப்படும் ஆர்பிஎம்மை எலெக்ட்ரானிக்காகக் கட்டுப்படுத்திவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிளம்பலாம். டர்போ உள்ளவர்கள் ஃபர்ஸ்ட் கியரில் பூஸ்ட்டைக் குறைக்கலாம். 3.35-க்குப் பதில் 2.95 ஃபர்ஸ்ட் கியர் உள்ள கியர்பாக்ஸ் மாட்டினாலே மஸ்டாங்கில் முறுக்கு எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். பலத்தைக் குறைத்து வேகம் பெறுவதை முதலில் யாரும் நம்புவதில்லை. சீட்டைப் பார்த்த பிறகு நம்புகிறார்கள்.

இதையெல்லாம் ஒரு கம்பெனியே சேர்த்துச் செய்து காட்டியது. 2018 மாடலாக டாட்ஜ் விற்ற 'டீமன்' காரில் 840 குதிரைத்திறன். ஆனால் பெருமைக்குரியது அதன் மற்ற ஏற்பாடுகள்தான்: 315 மில்லிமீட்டர் அகல டிராக் ரேடியல்கள், கியர்பாக்ஸைப் பூட்டி நிறுத்தி விடுவிக்கும் டிரான்ஸ்பிரேக், மூக்கை எளிதாக எழவிட்டு மெதுவாக இறங்கவிடும் முன் ஷாக் அப்சார்பர்கள். எடை குறைக்க, முன் பயணி இருக்கைகூட ஒரு டாலர் கொடுத்துக் கேட்டால்தான் வந்தது. கால் மைலை 9.65 விநாடியில் கடந்தது. 2023-ல் வந்த டீமன் 170, கிளம்பும்போது புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கில் பாய்ந்து 8.91 விநாடியில் முடித்ததாகக் கம்பெனி அறிவித்தது. 2017-ல் முதல் டீமனை அமெரிக்காவின் தேசிய டிராக் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. தன் போட்டிகளில் ஓட்டத் தடை செய்தது. பத்து விநாடிக்குக் கீழே ஓடும் காருக்கு இரும்புக் கூண்டு வேண்டும் என்பது அன்றைய விதி. ஷோரூமிலிருந்து வந்த காரில் அது இல்லை.

அந்தக் கண்டிப்பு நியாயமானது. டயர் நன்றாகப் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் மற்றவை உடைய ஆரம்பிக்கும். அதுவரை வழுக்கும் டயர் ஃப்யூஸ் மாதிரி எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மஸ்டாங்கின் டி-5 கியர்பாக்ஸ் பல்லை உதிர்க்கும். ஆக்சில் தண்டு முறுக்கி ஒடியும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனை அறுந்தால் அது தரையில் குத்திக் காரையே தூக்கிப் போடக்கூடும், அல்லது தரைத்தகட்டைக் கிழித்து உள்ளே வரக்கூடும். ஷாஃப்ட்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் போட அதிகம் செலவாகாது. நல்ல டயர் வாங்கும் அன்றே அதையும் வாங்க வேண்டும்.

இதைத் தெருவில் சோதித்துப் பார்ப்பது கொலைக்குச் சமம். 1951-ல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ.-வைத் தொடங்கியதே, இந்தப் பந்தயத்தைத் தெருவிலிருந்து பாதுகாப்பான தளத்துக்குக் கொண்டுவரத்தான். நம் பக்கத்திலும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டி நடந்திருக்கிறது. நள்ளிரவில் ஈ.சி.ஆரில் சீறும் பிள்ளைகள் தேடிப் போக வேண்டிய இடம் அது.

தளத்திலோ முறையாகச் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். காற்றை ஒரு பவுண்டு குறைத்தால் அன்று ஷாக் அப்சார்பரைத் தொடக் கூடாது. சீட்டிலேயே எழுதி வைக்க வேண்டும். அமெரிக்காவில் 2005 முதல் நடந்துவரும் 'டிராக் வீக்'கில் இந்தப் பொறுமையின் உச்சத்தைப் பார்க்கலாம். ஐந்து நாள், ஆயிரம் மைல், பல தளங்கள். கூடவே உதவி வண்டி வரக் கூடாது. பலர் பந்தய டயர்களைச் சிறு டிரெய்லரில் தாங்களே இழுத்து வருகிறார்கள். தளத்தின் வாசலில் ஜாக்கி போட்டு டயர் மாற்றுகிறார்கள். ஓடி முடித்துச் சீட்டை வாங்கி, ரோட்டு டயரை மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார்கள். மறுநாள் தரை வேறு, வெயில் வேறு. நேற்று பிடித்த 18 பவுண்டு இன்று பிடிக்குமா என்பதை முதல் அறுபது அடியை ஓடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.